மூன்றாவது ஊசி

ஜூன் 3, 1998, புதன்

இன்று வீட்டுக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கறவை மாடு வாங்கி வந்திருந்தால்கூட தெருவில் இத்தனை பேர் வந்து பார்த்திருக்க மாட்டார்கள்.

இந்த டைரி உரக்கடையில் இலவசமாகக் கொடுத்தது. ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது, இன்று தொடங்குகிறேன். இதை அவர் படிப்பார். கேட்டால் இல்லை என்பார். ஆனால் போன வருட டைரிக்குள் அவருடைய மூக்குக் கண்ணாடி இருந்தது. ஆகவே, ஏங்க, படிப்பதானால் கையில் எண்ணெய் இல்லாமல் படியுங்கள்.

என் வீட்டுக்காரர் தாயுமானவனைத் துறையூரில் தெரியாதவர் கிடையாது. கறாரான ஜோதிடர். சேர்த்து வைத்த கல்யாணங்களைவிட நிறுத்தி வைத்த கல்யாணங்களால் பெயர் வாங்கியவர். பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒருவன் "கம்ப்யூட்டர் ஜாதகம்" என்று போர்டு மாட்டியதிலிருந்து இவருக்குத் தூக்கம் இல்லை. விளைவு, எங்கள் கூடத்தில் ஒரு டெலிவிஷனும் ஒரு பெட்டியும் ஒரு பிரிண்டரும்.

கொண்டுவந்து பூட்டியவன் திருச்சியிலிருந்து வந்த இருதயராஜ். ஜாதகம் போடும் புரோகிராம் அவன் எழுதியதுதான். பெட்டியின் முதுகில் இருபத்தைந்து ஓட்டை உள்ள ஒரு வாய் இருக்கிறது. அதில் கை மொத்தத்துக்கு ஒரு கேபிளைச் செருகி, மறுமுனையைப் பிரிண்டரில் செருகினான்.

"கம்ப்யூட்டருக்குத் தமிழ் தெரியாது மேடம். அதனால எழுத்த எழுத்தா அனுப்பாம புள்ளி புள்ளியா அனுப்பறேன். பிரிண்டர் தலையில ஒம்பது ஊசி இருக்கு. அது ரிப்பன்ல குத்திக் குத்திப் புள்ளி வைக்கும்" என்றான்.

இவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "எத்தன ஊசி?"

"ஒம்பது சார்."

"நவக்கிரகம்!" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதற்குப் பிறகு பிரிண்டருக்குக் குங்குமம் வைத்தாயிற்று.

இவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "ராகு காலத்துல ஜாதகம் அச்சாகக் கூடாது தம்பி. நாம மறந்தாலும் மெஷின் மறக்கக் கூடாது."

"அது ஈசி சார். கிழமையும் மணியும் பார்த்து, அந்த நேரத்துல பிரிண்டருக்கு எதையும் அனுப்பாம நிறுத்திடறேன்" என்று அங்கேயே உட்கார்ந்து நாலு வரி எழுதிவிட்டான்.

போகும்போது அவனிடம், உனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை உண்டா என்று கேட்டேன். "ஞாயித்துக்கிழமை சர்ச் பூசையோட சரிங்க மேடம். ஆனா கணக்குல தப்பு வராது" என்றான். நல்ல பையன்.

ஜூன் 4, வியாழன்

பிரிண்டர் சத்தம் கேட்டு எதிர்வீட்டு நாய் ஒப்பாரி வைக்கிறது. இவர் அதற்கும் சகுனம் பார்க்கிறார்.

ஜூன் 9, செவ்வாய்

நான் மெஷினைத் தொடக்கூடாது என்பது முதல் நாள் போட்ட சட்டம். தூசி தட்டலாம், ரிப்பன் மாற்றலாம், அவ்வளவுதான். ஆனால் இவருக்கு ஒரு விரலால்தான் டைப் அடிக்க வருகிறது. அந்த விரலும் பாதி நேரம் மூக்குப்பொடியில் இருக்கிறது. நேற்று ஒரு குழந்தையின் பிறந்த வருடத்தை 1898 என்று அடித்துவிட்டு, "ஆயுசு கெட்டி" என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதோடு சட்டம் திருத்தப்பட்டது. இன்றிலிருந்து நான் டைப் அடிக்கிறேன், இவர் பலன் சொல்கிறார்.

திரையைப் பார்த்தால் கண் கூசுகிறதாம். கண்ணை மூடிக்கொண்டு விரலை மடக்கி, லக்னமும் கிரகமும் வாயாலேயே போட்டுவிடுகிறார். மெஷினும் அதையேதான் போடுகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், சொல்லிக்கொள்ளவில்லை.

கல்யாணத்துக்கு முன்னால் நான் பி.எஸ்ஸி. கணிதம். அது இந்த வீட்டில் இதுவரை மளிகைச் சீட்டைக் கூட்டத்தான் உதவியது.

ஜூன் 19, வெள்ளி

இன்று வீட்டில் மானம் போனது.

காலை பத்தே முக்காலுக்கு, பச்சை ராகு காலத்தில், பிரிண்டர் சந்தோஷமாக ஒரு குழந்தைக்கு ஜாதகம் அடித்துக் கொடுத்தது. குழந்தையின் தாத்தா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார், இவரைப் பார்த்தார், தாளை அப்படியே வைத்துவிட்டுப் போய்விட்டார். மத்தியானம் இரண்டு மணிக்கு நல்ல நேரம் பார்த்து வந்தவர்களிடம் திரை, "ராகு காலம். பொறுத்திருக்கவும்" என்று காட்டிவிட்டு வாயை மூடிக்கொண்டது.

இவர் எலுமிச்சம்பழமும் மிளகாயும் கோத்துக் கேபிளில் கட்டினார். நான் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய் இருதயராஜுக்குப் போன் போட்டேன்.

பூத்தில் இருப்பவள் வேணி. வயது இருபத்தேழு. சிரித்தால் பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும். போன் பேசுகிறவர்கள் எல்லாரும் அவளைப் பார்த்துக்கொண்டே பேசுவார்கள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஏழாம் வீட்டில் செவ்வாய், தோஷ ஜாதகம் என்று மூன்று வருடம் முன்னால் எழுதிக் கொடுத்தவர் வேறு யாரும் இல்லை, இந்த டைரியைப் படிக்கிறவர்தான். அதைச் சாக்கிட்டு வந்த வரன் எல்லாம் போய்விட்டது. அப்படியிருந்தும் அந்தப் பெண் இவரைக் கண்டால் எழுந்து நின்று, "மாமா, மோர் குடிக்கிறீங்களா?" என்கிறது.

இருதயராஜ் விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "உள்ள ஒரு சின்ன பேட்டரி இருக்கு மேடம். அது வீக்காயிடுச்சு. மெஷின் தூங்கும்போது கடிகாரமும் சேர்ந்து தூங்குது. இப்ப அது மூணு மணி நேரம் பின்னாடி இருக்கும்."

அடுத்த மாதம்தான் வர முடியுமாம். அதுவரை என்ன செய்வது? புரோகிராமைத் திறந்து ராகு கால வரியைக் கண்டுபிடித்து, அதற்கு முன்னால் ஒரு சின்னக் கொட்டு வைக்கச் சொன்னான். மேலே தொங்குமே, ஒற்றை மேற்கோள் குறி, அது. கொட்டு வைத்த வரியைக் கம்ப்யூட்டர் படிக்காமல் தாண்டிப் போய்விடுமாம். கொட்டை எடுத்துவிட்டால் மறுபடி படிக்குமாம்.

ஒரு வரியின் வாயை அடைக்க இவ்வளவுதானா என்று ஆச்சரியமாக இருந்தது. இந்த வீட்டுக்கு வந்து இருபத்தாறு வருடத்தில் எனக்கு அப்படி ஒரு கொட்டு கிடைக்கவில்லையே.

ஜூன் 20, சனி

முதலில் தப்பான வரிக்குக் கொட்டு வைத்துவிட்டேன். பிரிண்டர் ராசிக் கட்டத்தை வரைந்தது, மறுபடி வரைந்தது, நிறுத்தவே இல்லை. பேப்பர் கூடத்தைத் தாண்டி, நடை தாண்டி, வாசலில் வேணி காலடி வரைக்கும் போனது. அவள் அதைச் சுருட்டிக்கொண்டே உள்ளே வந்தாள். "அத்தை, யாருக்கு ஜாதகம்? ரயிலுக்கா?"

இரண்டாவது தடவை சரியாக வந்தது. இப்போது ராகு காலத்தைச் சுவர்க் கடிகாரம் பார்த்து நானே கவனித்துக்கொள்கிறேன். எலுமிச்சம்பழம் வேலை செய்கிறது என்று இவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார். சொல்லட்டும்.

மத்தியானம் முழுக்கப் புரோகிராமைப் படித்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. பெட்டியும் பிரிண்டரும் பேசிக்கொள்வது எவ்வளவு அழகு! பெட்டி எட்டுக் கம்பியில் எட்டுப் புள்ளியை வைத்து, இன்னொரு கம்பியில் "எடுத்துக்கொள்" என்கிறது. பிரிண்டர் வேறொரு கம்பியில், "பொறு, கை வேலையாக இருக்கிறேன்" என்கிறது. பெட்டி பொறுக்கிறது! பேப்பர் தீர்ந்தால் அதற்கும் ஒரு கம்பியில் வாய்விட்டுச் சொல்லிவிடுகிறது. இத்தனை ஒழுங்காகப் பேசிக்கொள்ளும் இருவரை நான் இந்தத் தெருவில் பார்த்ததில்லை.

ஒன்று கவனித்தேன். எட்டுப் புள்ளிதான் போகிறது, அப்படியானால் ஒன்பதாவது ஊசி சும்மாதான் இருக்கிறது. கேதுவுக்கு வேலை இல்லை என்று இவரிடம் சொல்லவில்லை. இப்போது படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்.

ஜூன் 25, வியாழன்

வேணிக்கு ஒரு வரன் வந்திருக்கிறது. முசிறிப் பையன், பெயர் தியாகேசன், பள்ளிக்கூடத்தில் லேப் அசிஸ்டென்ட். பெண் பார்த்துவிட்டுப் போனதிலிருந்து பூத்துக்கு ராங் நம்பர் வருகிறதாம். மூன்றாவது ராங் நம்பர் அரை மணி நேரம் பேசியது. போன் பேச வந்த ஆட்கள் வெளியில் வரிசையாக நின்றார்கள்.

"என்னடி பேசினான்?" என்றேன்.

"கந்தக அமிலத்துல தண்ணிய ஊத்தக் கூடாதாம் அத்தை. தண்ணியிலதான் அமிலத்த ஊத்தணுமாம்" என்றாள். இதைச் சொல்லும்போது அவள் முகம் இருந்த இருப்பு! அமிலத்தைப் பற்றி இப்படி வெட்கப்பட்ட பெண்ணை நான் பார்த்ததில்லை.

ஆடி பிறப்பதற்குள் நிச்சயம் பண்ண வேண்டும் என்கிறார்கள்.

ஜூன் 28, ஞாயிறு

பையனின் பெரியப்பா அம்பலவாணன் ரிட்டையர்டு சர்வேயர். கையால் எழுதின ஜாதகத்தை நம்ப மாட்டாராம். "எழுதறவன் மாத்திடுவான். கம்ப்யூட்டர் பொய் சொல்லாது" என்று சொல்லியனுப்பியிருக்கிறார். புதன்கிழமை நேரில் வந்து இங்கேயே வேணிக்குக் கம்ப்யூட்டர் ஜாதகம் எடுத்துக்கொண்டு போகிறாராம்.

நான் இவரிடம் பேசிப் பார்த்தேன்.

"எல்லாத்துக்கும் விதிவிலக்குன்னு ஒண்ணு இருக்குமேங்க?"

"விதிவிலக்கு சொல்றவன் ஜோசியன் இல்ல, தரகன். ஏழுல செவ்வாய்னா ஏழுல செவ்வாய்தான். தூக்கி வேற வீட்டுல வைக்க அது என்ன ஸ்டூலா?"

"மூணு வருஷமா அந்தப் பொண்ணு..."

"கோமளம், அத அங்க வச்சது நானா?"

சாப்பிடும்போது, சாம்பாரில் உப்பு இல்லை என்றார். இல்லைதான்.

ஜூலை 1, புதன்

இன்று வானம் மூட்டம். வாழைக்காய் வாங்கினேன். ரிப்பனுக்கு எண்ணெய் போட்டேன்.

காலை பத்து மணிக்கு அம்பலவாணன் வந்தார். இவர் கண்ணை மூடி விரலை மடக்கிக்கொண்டிருந்தார், நான் வேணியின் பிறந்த நேரத்தை அடித்தேன். பிரிண்டர் கத்தியது. தாளின் நாலு மூலையிலும் மஞ்சள் வைத்துத் தாம்பாளத்தில் கொடுத்தேன்.

இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பலன் சொல்ல ஆரம்பித்தார். அம்பலவாணன் கையைக் காட்டி நிறுத்திவிட்டார். "அதெல்லாம் நாங்க ஊர்ல பார்த்துக்கறோம் ஜோசியரே. எங்களுக்கு மெஷின் போட்ட கட்டம் போதும்." சாமி முன்னால் வைக்காமல் பிரிக்கக் கூடாது என்று மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இவருக்கு முகம் தொங்கிவிட்டது. எனக்குப் பாவமாக இருந்தது. வாழைக்காயை வறுவலாகவே செய்தேன், நிறைய எண்ணெய் விட்டு.

பிரிண்டர் இன்று ஒழுங்காகத்தான் அடித்தது. ஒரு இடத்தில் மட்டும் ஒரு எழுத்து விழவில்லை போல இருந்தது. கீழே தோஷம் பற்றிய வரியும் விழவில்லை. தூசியாக இருக்கும். நான் ரிப்பன் மாற்றுகிறவள்தானே, எனக்கு என்ன தெரியும்.

ஜூலை 2, வியாழன்

நேற்று மத்தியானத்திலிருந்து வந்தவர்களுக்கும் அதே இடத்தில் தூசி. கவனிக்காமல் விட்டுவிட்டேன். இவர் ஒரு ஜாதகத்தைக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தார். பிறகு இன்னொன்றை எடுத்துப் பார்த்தார்.

"ஏன் கோமளம், நேத்துலேருந்து துறையூர்ல யாருக்கும் செவ்வாயே இல்ல?"

"இருங்க, தூசி தட்டறேன்" என்று ஓடினேன்.

தட்டியவுடன் எல்லாருக்கும் செவ்வாய் வந்துவிட்டது. இரண்டு குடும்பத்துக்கு மறுபடி அடித்து வீட்டிலேயே கொண்டுபோய்க் கொடுத்தேன். எந்த இடத்தில் தட்ட வேண்டும் என்று தெரிந்தால் போதும்.

இவர் பிரிண்டரையே வெகுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். தயிர்சாதத்துக்கு ஊறுகாய்கூடக் கேட்கவில்லை.

ஜூலை 5, ஞாயிறு

அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக வரும்.

காலையில் அம்பலவாணன் மறுபடி வந்துவிட்டார். கூடவே தியாகேசனும் வேணியின் அப்பாவும். வேணி பூத்தைத் திறந்து போட்டுவிட்டு எங்கள் வாசல்படியில் வந்து நின்றாள். அவள் சிரிக்காமல் நின்று இன்றுதான் பார்த்தேன்.

அம்பலவாணன் தாளை இவர் முன்னால் விரித்தார். "ஜோசியரே, கிரகம் மொத்தம் எத்தன?"

"ஒம்பது."

"எண்ணுங்க."

இவர் எண்ணவில்லை. அவரே பென்சிலால் ஒவ்வொன்றாகத் தட்டி எண்ணினார். எட்டில் பென்சில் நின்றது. "நான் நிலம் அளந்தவன். ஒரு கல்லு காணோம்னா, யாரோ பிடுங்கியிருக்காங்கன்னு அர்த்தம்."

ஏங்க, இனிமேல் தூசி கீசி என்று எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது. செவ்வாய் வரிக்கும் தோஷ வரிக்கும் கொட்டு வைத்தது நான்தான். அந்த இடம் காலியாக இருந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். கிரகத்தை எண்ணிப் பார்க்கிற மனிதன் ஒருத்தன் வருவான் என்று நினைக்கவில்லை. முப்பது வருடமாக நீங்கள் சேர்த்த பெயரும் அந்தப் பெண்ணின் கல்யாணமும் ஒன்றாகக் கிணற்றில் விழப்போகிறது என்று பயந்துபோனேன்.

இவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். தாளைப் பார்த்தார். வாசலில் வேணியைப் பார்த்தார். கடைசியில் என்னைப் பார்த்தார்.

"ஊசி" என்றார்.

"என்னது?" என்றார் அம்பலவாணன்.

"பிரிண்டர்ல ஒம்பது ஊசி இருக்கு சார். ஒரு கிரகத்துக்கு ஒரு ஊசி. சூரியன், சந்திரன், மூணாவது செவ்வாய். அந்த மூணாவது ஊசி தேஞ்சு போச்சு. புதன், வியாழன் ரெண்டு நாளும் இந்த ஊர்ல யாருக்குமே செவ்வாய் விழல. வேணும்னா வெளிய விசாரிச்சுப் பாருங்க."

அம்பலவாணன் பிரிண்டரைக் குனிந்து பார்த்தார். இவர் மூடியைத் திறந்து, உள்ளே ஊசிகளை விரலால் காட்டி, "இது குரு... இது சனி" என்றார். தியாகேசன் சயின்ஸ் லேபில் வேலை பார்க்கிறவன். அவன் வாயைத் திறக்கப் போனான். வேணி ஒரு பார்வை பார்த்தாள், அவன் மூடிக்கொண்டான். நல்ல குடும்பஸ்தனாக வருவான்.

"அப்ப செவ்வாய் எங்கதான் இருக்கு?"

இவர் பேனாவை எடுத்தார். கை ஒரு நொடி ஏழாம் கட்டத்துக்கு மேலே நின்றது. பிறகு நகர்ந்து, ஆறாம் கட்டத்தில் "செ" என்று முத்து மாதிரி எழுதியது. கீழே, "தோஷம் இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"கையால எழுதறத நாங்க நம்பறதில்லையே" என்று இழுத்தார் அம்பலவாணன்.

"எத்தன கல்யாணத்த நான் நிறுத்தியிருக்கேன் தெரியுமா உங்களுக்கு? முசிறியிலயே கேட்டுப் பாருங்க."

"கேட்கவே வேணாம். எங்க தங்கச்சி மகளோடது ஒண்ணு."

"அத நிறுத்துனது இந்தக் கைதானே? அத நம்புனீங்கள்ல?"

அம்பலவாணன் யோசித்தார். தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, "பன்னெண்டாம் தேதி நிச்சயம் வச்சுக்கலாம்" என்றார். வாசலில் ஒரு சிரிப்புச் சத்தம் வெடித்தது, எதிர்வீட்டு நாய் எழுந்து ஓடியது.

எல்லாரும் போனபிறகு நான் அடுப்படியில் போய் நின்றுகொண்டேன். இவர் பின்னாலேயே வந்து முக்காலியில் உட்கார்ந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன்.

"உன் ஜாதகத்துல செவ்வாய் எங்க இருக்கு?" என்றார்.

"பதினொண்ணுல. உங்க அப்பாதானே எழுதிக் கொடுத்தாரு."

"ஏழுல."

கரண்டி கையிலிருந்து விழுந்துவிட்டது.

"எங்க அப்பா எழுதறப்ப நான் பக்கத்துலதான் இருந்தேன். வரிசையா எழுதிட்டு வந்தாரு. ஏழாம் கட்டத்துல கைய வச்சதும் பேனாவ உதறினாரு. மை தீந்து போச்சுன்னு எழுந்து உள்ள போனாரு. திரும்பி வந்து பதினொண்ணுல எழுதுனாரு." கண்ணாடியைக் கழற்றினார். "அன்னிக்குக் காலையில அந்தப் பேனாவுக்கு மை ஊத்தி வச்சது நான்தான். ரொம்பியிருந்துச்சு."

"ஏன் அப்படி..."

"உன்னப் பார்த்துட்டு வந்ததுலேருந்து நான் சரியா சாப்பிடல. அப்பாவுக்குத் தெரியும்."

இருபத்தாறு வருடமாக இந்த மனிதர் இதை வயிற்றுக்குள் வைத்திருந்திருக்கிறார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது.

"என்னைக் கட்டிக்கிட்டு நல்லாத்தானே இருக்கீங்க? அப்புறம் ஏன் ஊர்ல இருக்கற பொண்ணுங்களுக்கெல்லாம்..."

"சர்க்கரை வந்துருச்சுல்ல" என்றார். நான் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை. "அப்பாவுக்கு இருந்த தைரியம் எனக்கு இல்ல கோமளம்" என்று தரையைப் பார்த்துச் சொன்னார்.

கரண்டியை எடுத்து நான் கழுவினேன். சாம்பாரில் உப்பைப் பார்த்துப் போட்டேன்.

ஜூலை 6, திங்கள்

இருதயராஜுக்குப் போன் போட்டு, ஒரு எழுத்தை ஒரு கட்டத்திலிருந்து பக்கத்துக் கட்டத்துக்கு நகர்த்த எந்த எண்ணை மாற்ற வேண்டும் என்று கேட்டேன். எதுக்கு மேடம் என்றான். பொது அறிவுக்கு என்றேன்.

வேணி இந்தப் போனுக்குக் காசு வாங்க மாட்டேன் என்று அடம்பிடித்தாள்.

ஜூலை 13, திங்கள்

நேற்று நிச்சயம் நன்றாக நடந்தது. கேசரியில் முந்திரி தாராளம்.

இன்று காலை உப்பிலியபுரத்திலிருந்து ஒருவர் மகளின் பிறந்த நேரத்தோடு வந்தார். அந்தப் பெண் பின்னால், தலையைக் குனிந்துகொண்டு நின்றது. இவர் வழக்கம்போலக் கண்ணை மூடி விரலை மடக்கினார். ஏழாவது விரலில் நின்றார். கண்ணைத் திறந்து பெண்ணைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பினார்.

"கோமளம், பிரிண்டருக்கு இன்னிக்கு உடம்பு எப்படி இருக்கு?"

"சரியில்லதாங்க" என்றேன்.

"பார்த்து அடி" என்று சொல்லிவிட்டு மோர் குடிக்கப் பூத்துக்குப் போய்விட்டார்.

ஒன்பது கிரகமும் இருக்கிறதா என்று இரண்டு தடவை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் கொடுத்தேன்.